வீட்டுக்குப் பின்னால் ஏரி, ஏரிக்கு ஒரு மண் கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில், 1970களில் உருவான குடியிருப்பில் இருக்கிறேன். நடுவில் 20 ஏக்கரில் ஓர் ஏரி. படகு விடலாம், மீன் பிடிக்கலாம், சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். வேறு உபயோகம் கிடையாது. குடியிருப்போர் சங்கத்தின் ஏரிக் குழுவில் ஆறு வருஷமாக இருப்பதால், இந்தப் பக்கம் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் சந்தேகம் என்றால் என்னைத்தான் பிடிக்கிறார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப் போய்த்தான் இதைத் தொகுத்தேன்.

நான் அணைப் பொறியாளன் இல்லை. பொறியாளர் சோதனைக்கு வரும்போது நோட்டும் வாளியுமாகப் பின்னால் நடக்கிறவன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. இது இயற்கை ஏரிதானே அண்ணா, அணை எங்கே இருக்கிறது?

வடக்கு ஜார்ஜியாவில் இயற்கை ஏரி என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. கண்ணில் படும் ஏரியெல்லாம் யாரோ ஓர் ஓடையை மறித்து நிறுத்தியதுதான். நீங்கள் மாலையில் நடக்கப் போகும் அந்த நேரான புல் பாதை இருக்கிறதே, ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கிடுகிடுவென்று இறங்கும் சரிவு, அதுதான் அணை. நம் ஊர் ஏரிக்கரையேதான். தண்ணீரைப் பார்த்தபடி நடப்பதால் மறு பக்கம் எவ்வளவு பள்ளம் என்று யாருக்கும் உறைப்பதில்லை. எங்கள் கரைக்கு வெளிப்புற உயரம் 28 அடி.

2. சின்ன ஏரிதானே, உடைந்தால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போடுவோம். 20 ஏக்கர், சராசரி ஆழம் 6 அடி என்றால் 120 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். ஆக மொத்தம் 14.8 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கரை உடைந்தால் அவ்வளவும் ஓரிரு மணி நேரத்துக்குள் ஓடை வழியே இறங்கிவிடும்.

இதே மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊருக்குப் பக்கத்தில் கெல்லி பார்ன்ஸ் என்று ஒரு மண் அணை இருந்தது. உயரம் ஏறக்குறைய 40 அடி. முன்பு சிறிய மின் நிலையம் ஒன்றுக்குத் தண்ணீர் தந்தது. 1957இல் மின் உற்பத்தி நின்ற பிறகு பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் மிஞ்சியது. 1977 நவம்பர் 6ஆம் தேதி, அடைமழைக்குப் பிறகு நள்ளிரவு தாண்டி உடைந்தது. கீழே இருந்த பைபிள் கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு ஒரே காரணம் என்று எதையும் சுட்டவில்லை. மிகச் செங்குத்தான வெளிச்சரிவு, அது சரிந்தது, உள்ளே கசிவு என்று பல சேர்ந்திருந்தன. அடுத்த வருஷம், 1978இல், ஜார்ஜியா அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்று நம் சங்கத்துக்கு வரும் நோட்டீஸ் எல்லாம் அந்தச் சட்டத்தின் பேரில்தான்.

3. கரை தெரிகிறது. ஏரி நடுவில் நிற்கும் கான்கிரீட் பெட்டி எதற்கு?

அது நடுவில் இல்லை, கரையை ஒட்டித்தான் நிற்கிறது. உள்ளே கிணறு போல் வெற்றிடம். ஏரி நிரம்பினால் தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் புதைத்த குழாய் வழியாக அந்தப் பக்கம் ஓடையில் வெளியேறும். பழைய தமிழ் ஏரிகளின் குமிழித்தூம்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு சட்டென்று புரியும். அங்கே பாசனத்துக்காக ஆள் அடைப்பைத் தூக்கித் திறப்பார். இங்கே தண்ணீர் தானாக வழிந்து விழும், அதுதான் வித்தியாசம். அடியில் ஏரியை வடிக்க ஒரு வால்வும் இருக்கும்.

இது அன்றாட வழி. பெருமழையில் இது போதாவிட்டால் கரையின் ஓரத்தில், கரை உச்சியை விடச் சில அடி தாழ்வாக வெட்டிய அகலமான புல் வாய்க்கால் வழியாக மிச்சம் போகும். நம் ஊர்க் கலங்கல். இந்தப் பெட்டி, அடிக்குழாய், கலங்கல் மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் பத்துக் கேள்விகளில் எட்டு கரையைப் பற்றித்தான் இருக்கும். கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றி.

4. எங்கள் அணையை 'ஹை ஹசார்ட்' என்று போட்டிருக்கிறார்களே, வீடு வாங்கலாமா?

இதைக் கேட்காத புது ஆள் இல்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வைத்திருக்கும் தேசிய அணைப் பட்டியலில் 90,000க்கு மேல் அணைகள் இருக்கின்றன. அதில் 'ஹை ஹசார்ட்' என்பது அணை மோசமாக இருக்கிறது என்று சொல்வதில்லை; உடைந்தால் கீழே உயிர்ச் சேதம் நேரக்கூடும் என்றுதான் சொல்கிறது. நேற்றுக் கட்டிய உறுதியான அணைகூட, கீழே வீடுகள் இருந்தால் அந்த வகையில்தான் வரும். ஜார்ஜியாவில் இதையே 'முதல் வகை' என்பார்கள்.

அணையின் உடல்நிலைக்குத் தனி மதிப்பீடு உண்டு: திருப்தி, பரவாயில்லை, மோசம், மிக மோசம் என்ற மாதிரி. வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியது அதைத்தான். கூடவே கடைசிச் சோதனை அறிக்கை, சங்கத்தின் இருப்பு நிதியில் அணைக்கென்று ஒதுக்கிய தொகை. அறிக்கையில் போன முறை எழுதிய குறையே இந்த முறையும் வார்த்தை மாறாமல் இருந்தால், அந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

5. பத்து வருஷம் முன்பு இரண்டாம் வகை, இப்போது முதல் வகை. அதற்குள் அணை கெட்டுப்போய்விட்டதா?

அணை அப்படியேதான் இருக்கிறது. கீழே இருந்த சோளக்காட்டில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். வகை மாறுவது கீழே இருக்கும் மனிதர்களால். ஆனால் செலவு மேலே இருக்கும் அணைச் சொந்தக்காரர் தலையில் விழும்: முதல் வகை ஆனதும் கலங்கல் இன்னும் பெரிய மழையைத் தாங்க வேண்டும், பொறியாளர் ஆய்வு வேண்டும். நியாயமா என்றால் எனக்கும் எரிச்சல்தான். கீழே கட்டிட அனுமதி கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்றாலும் தண்ணீர் எங்களுடையது.

6. கரையின் அடியில் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறதே, உடையப் போகிறதா?

மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். கசியாத மண் அணையை நான் பார்த்த பொறியாளர் யாரும் பார்த்ததில்லை. கேட்க வேண்டியது மூன்று: தெளிவாக வருகிறதா, அளவு ஏறுகிறதா, புது இடத்தில் வருகிறதா?

நாங்கள் செய்வது இது. கசிவு சேரும் இடத்தில் ஒரு சிறு குழாய் பதித்து, அதன் கீழே வாளி வைத்து, போனில் நேரம் பார்ப்போம். எங்கள் 20 லிட்டர் வாளி நிரம்ப 4 நிமிஷம், அதாவது நிமிஷத்துக்கு 5 லிட்டர். பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டம், போன வாரம் பெய்த மழை இரண்டையும் எழுதிவிடுவோம். ஏரி மட்டம் ஏறி கசிவும் ஏறினால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மழையும் இல்லை, மட்டமும் அதேதான், ஆனால் வாளி மூன்று நிமிஷத்தில் நிரம்புகிறது என்றால் அன்றே பொறியாளருக்குப் போன் போக வேண்டும். இன்னொரு அடையாளம்: காய்ந்து கிடக்க வேண்டிய வெளிச்சரிவில் சம்பங்கோரை முளைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அங்கே இருக்கிறது.

7. கசிவு மண் கலந்து வந்தால்?

அது அவசரம். 'நாளைக் காலை பார்க்கலாம்' என்று படுக்கப் போகக்கூடாது. கலங்கி வரும் தண்ணீர் கரையின் மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது. உள்ளே ஒரு பொந்து பின்னோக்கி ஏரியைப் பார்த்து வளர்கிறது என்று அர்த்தம். கரையடியில் சின்ன எரிமலை போல் மணல் கொப்பளித்துக் குவிந்தாலும் இதேதான். ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. 1976 ஜூன் 5 காலையில் சேற்றுக் கசிவைப் பார்த்தார்கள், நண்பகலுக்குள் அணை போய்விட்டது.

முதலில் 911. அடுத்து கீழே உள்ள வீடுகள், அப்புறம் மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகமும் பொறியாளரும். தண்ணீர் வரும் வாயைக் களிமண்ணோ சிமென்டோ போட்டு அடைக்க வேண்டாம். அடைத்த தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி பார்த்துக்கொள்ளும். பொறியாளர்கள் மணலும் அதன்மேல் ஜல்லியும் போடுவார்கள்: தண்ணீர் போகட்டும், மண் நிற்கட்டும் என்பதற்காக.

8. கரையில் மரம் நிழலாக நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வெட்டச் சொல்கிறீர்கள்? நம் ஊரில் ஏரிக்கரை முழுக்கப் பனைமரம்தானே?

பனையின் வேர் சல்லிவேர். இங்கே கரையில் தானாக முளைப்பது பைனும் ஸ்வீட்கமும். வேர் கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகும். மரம் செத்தால் வேர் மக்கி, அந்த இடம் குழாய் ஆகிவிடும். புயலில் சாய்ந்தால் வேர்மண்ணோடு கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். மரம் அடர்ந்தால் கசிவு, விரிசல், வளை எதுவும் கண்ணில் படாது.

ஆனால் உடனே ரம்பம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். கைப்பருமன் கன்றுகளை வெட்டலாம். முற்றிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால், மேலே சொன்ன மக்கும் வேலையை நாமே தொடங்கி வைத்ததாகும். அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி, குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். சில சமயம் அதற்கு ஏரியை இறக்க வேண்டி வரும். பொறியாளர் இல்லாமல் செய்யாதீர்கள்.

9. அப்படியானால் கரையில் என்னதான் வளர்க்கலாம்?

புல். இங்கே பெர்முடா புல் என்கிறார்கள், நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு வைத்தது போக மிச்சம் எங்கள் கரையைக் காக்கிறது. குட்டையாக வெட்டி வைத்தால் போதும்.

10. பீவர், மஸ்க்ரட் வளைகளை மண் போட்டு மூடினால் சரியாகிவிடுமா?

இரண்டும் தண்ணீரோரம் வாழும் கொறிக்கும் பிராணிகள். வளையின் வாயை மட்டும் மூடினால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும். தோண்டியெடுத்து, இறுக்கி நிரப்ப வேண்டும். மஸ்க்ரட் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வாசல் வைக்கும் என்பதால் ஏரி கொஞ்சம் இறங்கும்போதுதான் வளை தெரியும். பீவரின் வேலை வேறு: 3ஆம் கேள்வியில் சொன்ன பெட்டியின் வாயைக் குச்சியும் சேறுமாக ஒரே வாரத்தில் அடைத்துவிடும்.

11. கலங்கலில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட்டுக்கொள்ளலாமா?

சமதளமாக, பச்சைப் பசேலென்று, யாருக்கும் சொந்தமில்லாதது போல் இருக்கும். கை துறுதுறுக்கத்தான் செய்யும். நான் குழுவில் சேர்ந்த வருஷம் எங்கள் கலங்கலில் இருந்தவை: ஒரு டிராம்போலின், விறகு அடுக்கு, குறுக்கே மரவேலி, ஒரு தக்காளிப் பாத்தி. வேலிதான் மோசம். வெள்ளத்தில் வரும் சருகும் கிளையும் அதில் தங்கினால் வேலி சுவராகிவிடும். தண்ணீர் ஏறும், கரை உச்சியைத் தாண்டும். மண் கரைமேல் தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே பின்னால் வரும். கலங்கலில் பத்து வருஷம் தண்ணீர் ஓடாமல் இருக்கலாம். பதினோராவது வருஷத்து ஒரு ராத்திரிக்காகத்தான் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

டிராம்போலின்காரர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

12. பாசியைத் தின்ன புல் கெண்டை விட்டோம். அவை தப்பிப் போகாமல் வழிவாயில் வலை கட்டலாமா?

இந்தக் கேள்வி வந்தால் சவுத் ஃபோர்க் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். பென்சில்வேனியாவில் கால்வாய்க்காகக் கட்டிய மண் அணை, உயரம் 72 அடி. பிறகு ஒரு மீன்பிடிப்பு, வேட்டைக் கிளப் அதை வாங்கிப் பொழுதுபோக்கு ஏரியாக்கியது. அன்றைய பெரும் தொழிலதிபர்களான ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃபிரிக்கும் உறுப்பினர்கள். வண்டி போகக் கரை உச்சியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். ஏரியை வடிக்கும் அடிக்குழாய்களை முந்தைய சொந்தக்காரர் கழற்றிவிட்டிருந்தார், திரும்பப் போடவில்லை. விலை கொடுத்து விட்ட மீன்கள் ஓடிவிடாமல் கலங்கலில் கம்பி வலை வைத்தார்கள். 1889 மே 31, பெருமழை. வலையில் குப்பை அடைத்தது, வடிக்க வேறு வழி இல்லை, தண்ணீர் கரைமேல் ஏறியது. 14 மைல் கீழே ஜான்ஸ்டவுன் நகரம். இறந்தவர்கள் 2,209 பேர்.

மீன் தடுப்பு வேண்டுமென்றால் அதற்கென்று வடிவமைத்தவை இருக்கின்றன: கம்பிகள் படுக்கைவசமாக, இடைவெளி விட்டு, குப்பை தானாக நழுவும்படி. பொறியாளரும் மாநிலமும் சரி சொன்னால் வையுங்கள், ஒவ்வொரு மழைக்கும் முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். கோழிவலை வேண்டவே வேண்டாம். கெண்டை போனால் வேறு கெண்டை வாங்கலாம்.

13. கோடையில் படகுத்துறை வற்றித் தெரிகிறது. வழிவாயில் ஒரு பலகை வைத்து அரை அடி உயர்த்தினால் என்ன?

வலைக்குச் சொன்னதுதான் இதற்கும். ஏரி மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே விட்டிருக்கும் இடம் அலைக்காகவும் வெள்ளத்துக்காகவும் விட்டது. அதில் அரை அடி எடுத்தால் வெள்ளத்துக்கான இடம் அரை அடி போகிறது. எங்கள் 20 ஏக்கரில் அது 10 ஏக்கர்-அடி. பலகையை மழைக்கு முன் எடுத்துவிடுவோம் என்பார்கள். மழை வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. யார் போய் எடுப்பது?

14. கரை நன்றாக இருக்கிறது என்று சோதனையில் சொல்லிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

குழாய்க்குள் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்தக் காலத்துக் குடியிருப்பு ஏரிகளில் நெளிநெளியான துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைத்தான் பெரும்பாலும் புதைத்தார்கள். அதன் ஆயுள் 25இலிருந்து 50 வருஷம். கணக்குப் பார்த்தால் பல இடங்களில் தவணை முடிந்துவிட்டது. அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழும், அதன் வழியே கரையின் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கிப் போகும். மேலே புல் பச்சையாக, அழகாக, ஒன்றுமே தெரியாமல் இருக்கும். ஒரு நாள் குழாய் போகும் நேர்க்கோட்டில் கரை உச்சியில் சட்டி அளவுக்குக் குழி விழும்.

எங்களுக்குத் தெரிந்ததும் அப்படித்தான். புல் வெட்டுகிறவர் தன் வண்டிச் சக்கரம் இறங்கியது என்றார். எலி வளையாக்கும் என்று நாங்களே மண் போட்டு மூடினோம். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி குழி. அப்புறம்தான் குழாய்க்குள் கேமரா விட்டோம். திரையில் துரு, துரு, அப்புறம் இணைப்பு ஒன்றில் செம்மண் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பழைய குழாய்க்குள் புதுக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமென்ட் கூழ் அடைத்துச் சரி செய்தார்கள். சில அணைகளில் கரையையே வெட்டித் திறந்து மாற்ற வேண்டி வரும். செலவு பல மடங்கு.

15. அடி வால்வு வேலை செய்கிறதா என்று ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்கட்டுமா?

முப்பது வருஷம் தொடாத வால்வு என்றால் கையை எடுங்கள். திறக்கும், மூடாமல் மாட்டிக்கொள்ளும், ஏரி முழுக்க வடிந்துவிடும். அது நடந்தாலும் பரவாயில்லை என்ற ஏற்பாட்டோடு, பொறியாளர் முன்னால் திறக்க வேண்டும். அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறையாவது இயக்கி வந்தால் மாட்டாது.

இன்னொன்று. ஏரியை வேகமாக இறக்கக்கூடாது. கரையின் உட்சரிவு மண் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துக் கிடக்கிறது. எதிரே தாங்கிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீர் சட்டென்று விலகினால் சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். நாளுக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. 7ஆம் கேள்வியின் நிலைமை வேறு. அங்கே எந்த வேகம் என்று பொறியாளர் சொல்வார்.

16. நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தைத் தாங்கும் என்கிறார்கள். அது போதாதா சார்?

அந்தப் பெயரே ஏமாற்று. எந்த வருஷத்திலும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். 30 வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர 26 சதவீதம். கீழே ஆட்கள் தூங்கும் அணைக்கு அது போதாது. அதனால்தான் முதல் வகை அணைகளுக்கு அதைவிடப் பெரிய மழையைக் கணக்கில் எடுக்கிறார்கள். 2015 அக்டோபரில் பக்கத்துத் தென் கரோலினாவில் கொட்டிய மழையில் மாநிலக் கண்காணிப்பில் இருந்த அணைகளில் மட்டும் சுமார் 50 உடைந்தன. பல, நம்முடையது போன்ற குடியிருப்பு ஏரிகள்.

17. மாநிலத்து ஆட்கள் வந்து பார்க்கிறார்களே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

அவர்கள் எப்போதோ ஒரு நாள் வருகிறார்கள், ஏரி மீதி நாளெல்லாம் அங்கேயே இருக்கிறது. அணைக்குப் பொறுப்பு அதன் சொந்தக்காரர், அதாவது சங்கம், அதாவது நீங்கள். ஜார்ஜியாவில் 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி கொள்ளளவோ எட்டாத அணையைப் பொதுவாக மாநிலம் கண்டுகொள்வதே இல்லை.

மாதம் ஒரு முறை, பெருமழைக்குப் பின் ஒரு முறை நடந்தால் போதும். உச்சி, உட்சரிவு, வெளிச்சரிவு, கரையடி, பெட்டி, குழாய் வாய், கலங்கல். போன மாதம் நின்ற அதே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். விரிசல் கண்டால் இரு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து வையுங்கள். கரைக்குக் குறுக்கே, ஏரியிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும் விரிசலுக்கு ஆணி எல்லாம் அடித்துக்கொண்டிருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

18. வீட்டுக் காப்பீடு இருக்கிறது, அது போதுமா?

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அணை உடைந்து வரும் வெள்ளமும் வெள்ளம்தான். தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், அது பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். புயல் எச்சரிக்கை கேட்ட பிறகு வாங்கிப் பயனில்லை.

19. நாங்கள் அணைக்குக் கீழே இருக்கிறோம், ஏரி வேறு சங்கத்தினுடையது. எங்களுக்கு யார் சொல்வார்கள்?

அவசரகாலத் திட்டம் என்று ஓர் ஆவணம் இருக்க வேண்டும். உடைந்தால் தண்ணீர் எது வரைக்கும் வரும் என்ற வரைபடமும், யார் யாருக்குப் போன் செய்வது என்ற பட்டியலும் அதில் இருக்கும். மேல் சங்கத்திடமும் கவுன்டி அவசரகால அலுவலகத்திடமும் கேளுங்கள். பட்டியலில் உங்கள் எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பழைய பட்டியலில் ஏழு எண்களைக் கூப்பிட்டுப் பார்த்தபோது நான்குதான் மணியடித்தன. அதில் ஒன்றை எடுத்தது ஒரு பீட்சா கடை.

20. இவ்வளவு தொல்லை எதற்கு? அணையையே எடுத்துவிட்டால் என்ன?

எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அனுமதி வேண்டும், ஏரியை மெல்ல வடிக்க வேண்டும், ஐம்பது வருஷமாகப் படிந்த வண்டல் கீழே போய்ச் சேராமல் பார்க்க வேண்டும், ஓடைக்குப் பழைய தடம் அமைக்க வேண்டும். ஏரியோர வீடுகளின் விலை வேறு இறங்கும்.

எங்கள் சங்கத்தில் இது வாக்கெடுப்புக்கு வந்தது, குழாய் செலவுக்கு ஒவ்வொரு வீடும் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்றதும். நான் ஏரியை வைத்துக்கொள்ளலாம் என்று வாக்களித்தேன். அணையை எடுக்கலாம் என்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர் ஏரியோரத்துக்காரர்கள். மாதம் ஒரு முறை என்னோடு கரையில் நடக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் வந்ததும் அவர்களில் ஒருவர்தான்.